அத்தியாயம் 6: கெர்னல் கோப்பு முறைமைக்கு எந்த இடம்?

வட்டில் ஒரு பகுதியைப் பிரித்து எக்ஸ்ட்4 போட்டு வைத்திருக்கிறீர்கள். அதை /டேட்டா என்ற இடத்தில் மவுன்ட் செய்வதா, /பேக்கப் என்ற இடத்தில் மவுன்ட் செய்வதா என்பது உங்கள் வீட்டு விவகாரம். இடத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான். நாளைக்கே மனம் மாறினாலும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரியைத் திருத்தினால் முடிந்தது.

வட்டே இல்லாமல் கெர்னல் தானே நினைவகத்தில் உருவாக்கிக் காட்டும் கோப்பு முறைமைகளுக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது. புராக், சிஸ்எஃப்எஸ், டீபக்எஃப்எஸ், சிகுரூப், எஸ்இலினக்ஸ்எஃப்எஸ், பிபிஎஃப் என்று இந்தக் குடும்பம் பெரியது. இவற்றுக்குள் இருப்பவை யாரும் சேமித்து வைத்த கோப்புகள் அல்ல; கெர்னலோடு பேசுவதற்கான வாசல்கள். அந்த வாசலைத் தேடி வருபவையோ, வேறு யாரோ எழுதி, வேறு யாரோ தொகுத்து, உங்கள் கணினியைப் பார்த்தே இராத நிரல்கள். எல்லாம் ஒரே இடத்தில் தேடினால்தான் வேலை நடக்கும்.

அந்த இடத்தை யார், எப்போது, எங்கே குறிப்பது என்பதுதான் இந்த அத்தியாயம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெர்னல்தான் குறிக்க வேண்டும். அதுவும் அந்தக் கோப்பு முறைமை முதன்முதலில் வெளியாகும் அன்றே குறித்துவிட வேண்டும். பயன்படுத்துகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால் என்ன ஆகும் என்பதற்கு சிகுரூப் சாட்சி.

(பாதைகளையும் கட்டளைகளையும் இந்த நூலில் ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். முனையத்தில் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.)

இருப்பதை முதலில் பாருங்கள்

ஏதாவது ஒரு லினக்ஸ் கணினியில் /புராக்/ஃபைல்சிஸ்டம்ஸ் என்ற கோப்பை கேட் கட்டளையால் திறங்கள். கெர்னலுக்குத் தெரிந்த கோப்பு முறைமைகளின் பெயர்கள் வரிக்கு ஒன்றாக வரும். பல வரிகளின் தொடக்கத்தில் நோடெவ் என்றிருக்கும். அந்தக் கோப்பு முறைமைக்குப் பின்னால் வட்டோ பென்டிரைவோ இல்லை என்று அதற்குப் பொருள். என்எஃப்எஸ் போன்று வலையமைப்பு வழியாக வருபவற்றுக்கும் நோடெவ்தான். அவற்றை ஒதுக்கிவிட்டு மீதியைப் பாருங்கள். பிறகு ஃபைண்ட்மவுன்ட் என்று தட்டினால் அவற்றில் எவையெவை எங்கெங்கே மவுன்ட் ஆகியிருக்கின்றன என்பது மர வடிவில் வரும்.

பட்டியலைச் சற்று உற்றுப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். கிட்டத்தட்ட எல்லாமே /புராக், /டெவ், /சிஸ் என்ற மூன்று கிளைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. ரூட் கோப்பகத்தில் நேரடியாகக் குந்தியிருப்பவை புராக், சிஸ்எஃப்எஸ், /டெவ்வில் இருக்கும் டெவ்டெம்ப்எஃப்எஸ் ஆகியவைதான். ரன் என்று ஒன்று இருக்கிறது, அது வெறும் டெம்ப்எஃப்எஸ்.

இந்த ஒழுங்கு தானாக வந்ததல்ல. புராக்குக்குப் பிரச்சினையே இருந்ததில்லை. 1984-இல் டாம் கில்லியன் எட்டாம் பதிப்பு யூனிக்ஸில் ஓடும் புராசஸ்களைக் கோப்புகளாகக் காட்டியபோதே இடம் /புராக் என்றாகிவிட்டது. பின்னால் வந்தவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். சிஸ்எஃப்எஸ் 2003 டிசம்பரில் 2.6 கெர்னலோடு வெளிவந்தபோது /சிஸ் என்ற பெயரும் கூடவே வந்தது. அதன் பிறகு பிறந்தவைதான் இடமில்லாமல் அலைந்தன.

சிகுரூப்புக்கு நடந்தது

புராசஸ்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் இவ்வளவு சிபியு, இவ்வளவு நினைவகம் என்று அளந்து கொடுக்கும் ஏற்பாடுதான் சிகுரூப். கூகுளில் பால் மெனேஜும் ரோஹித் சேத்தும் 2006-இல் தொடங்கிய வேலை. 2008 ஜனவரியில் வெளியான 2.6.24 கெர்னலில் சேர்ந்தது. இன்று டாக்கர், குபர்நெடிஸ் எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன.

வெளியானபோது அதற்கென்று ஓர் இடத்தைக் கெர்னல் குறிக்கவில்லை. கூடவே வந்த ஆவணத்தில் எடுத்துக்காட்டாக /டெவ்/சிகுரூப் என்று எழுதியிருந்தார்கள். அதற்கு முன் 2.6.12-இல் வந்த சிபியுசெட் /டெவ்/சிபியுசெட்டில் மவுன்ட் ஆகிக்கொண்டிருந்த பழக்கத்தின் தொடர்ச்சி அது. /டெவ் என்ன பாவம் செய்தது என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் யுடெவ் வந்து /டெவ் ஒரு டெம்ப்எஃப்எஸ் ஆகியிருந்தது. எழுதும் உரிமை உண்டு, வட்டு ரீட்ஒன்லியாக இருந்தாலும் கோப்பகம் உருவாக்கலாம், பூட் ஆகும்போதே தயாராக இருக்கும். அவசரத்துக்கு ஒரு கோப்பகம் வேண்டுமென்றால் அதுதான் கைக்கெட்டிய இடம். சாதனங்கள் இருக்க வேண்டிய இடத்தில் இது எதற்கு என்று அப்போது யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

ஆனால் எல்லோரும் ஆவணத்தைப் பின்பற்றவும் இல்லை. ரெட்ஹாட் வழியில் லிப்சிகுரூப் என்ற கருவி ரூட்டிலேயே /சிகுரூப் என்று ஒரு கோப்பகத்தை வைத்து, அதற்குள் /சிகுரூப்/சிபியு, /சிகுரூப்/மெமரி என்று பிரித்து மவுன்ட் செய்தது. சிஸ்டம்டியும் முதலில் /சிகுரூப் பக்கம்தான் போனது. கைக்கு வந்தபடி /எம்என்டிக்குள் வைத்தவர்களும் உண்டு. ஆண்ட்ராய்டு தன் வழியில் /டெவ்/சிபியுசிடிஎல் என்றும் /டெவ்/சிபியுசெட் என்றும் பிரித்துக்கொண்டது.

2010 ஆகஸ்டில் கிரெக் குரோவா ஹார்ட்மன் ஒரு சிறு மாற்றத்தைக் கெர்னலுக்கு அனுப்பினார். ரூட்டில் புதிது புதிதாகக் கோப்பகம் உருவாக்கச் சொல்லிப் பயனர் பக்கத்தை நாம் தொல்லை செய்யக் கூடாது, கெர்னலின் மற்ற கோப்பு முறைமைகளுக்கு இருப்பதுபோல இதற்கும் சிஸ்எஃப்எஸுக்குள்ளேயே ஓர் இடம் கொடுப்போம் என்பது அதன் சாரம். அப்படித்தான் /சிஸ்/எஃப்எஸ்/சிகுரூப் பிறந்தது. மாற்றம் 2.6.36 கெர்னலில், 2010 அக்டோபரில் வெளியானது. நிரல் வரிகளாகப் பார்த்தால் மிகச் சிறியது.

இங்கேதான் காலதாமதத்தின் விலை தெரிகிறது. அடுத்த மாதமே, 2010 நவம்பரில், ரெட்ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 6 வெளிவந்தது. ஆனால் அதன் கெர்னல் 2.6.32. அதில் புது இடம் இல்லை. எனவே /சிகுரூப் அப்படியே உறைந்துவிட்டது. 2014-இல் 7-ஆம் பதிப்பு வந்தபோதுதான் புது இடத்துக்கு மாறினார்கள். 6-ஆம் பதிப்புக்கான பராமரிப்பு 2020 நவம்பர் வரை நீடித்தது. அதாவது கெர்னல் தன் தவறைத் திருத்திக்கொண்ட பிறகும் பத்தாண்டு காலம், சிகுரூப்பைத் தொடும் எந்தக் கருவியை எழுதியவரும் இரண்டு இடங்களையும் தேட வேண்டியிருந்தது. 2008 ஜனவரியிலேயே அந்தச் சில வரிகளைச் சேர்த்திருந்தால் இது எதுவும் இல்லை.

இரண்டு நிர்வாகிகள் ஒரே வேலைக்கு மோதுவதும் நடந்தது. சிகுரூப்பின் முதல் வடிவத்தில் ஒரு கட்டுப்படுத்தியை ஒரே ஒரு படிநிலையில்தான் இணைக்க முடியும். சிஸ்டம்டி சிபியுவையும் சிபியுஅக்கவுன்ட்டையும் ஒன்றாக முடிந்து மவுன்ட் செய்துவிட்ட பிறகு, பழைய ஸ்கிரிப்ட் ஒன்று சிபியுவை மட்டும் தனியாக /சிகுரூப்/சிபியுவில் மவுன்ட் செய்யப் பார்த்தால், ஏற்கெனவே மவுன்ட் ஆகியிருக்கிறது அல்லது பிஸி என்று கெர்னல் கையை விரித்துவிடும். பிழைச் செய்தியில் பாதை தவறு என்று எங்கும் இருக்காது. அதனால் ஆள் கட்டுப்படுத்தியைச் சந்தேகிப்பார், கெர்னலைச் சந்தேகிப்பார், கடைசியில்தான் பாதைக்கு வருவார்.

ஆவணத்தில் எழுதுவதே இடமாகிவிடும்

டீபக்எஃப்எஸ் கதை இதற்கு நேர் எதிர்ப்பக்கம். கிரெக் குரோவா ஹார்ட்மன் 2004 கடைசியில் எழுதியது அது. சிஸ்எஃப்எஸில் ஒரு கோப்புக்கு ஒரு மதிப்பு என்ற கட்டுப்பாடு உண்டு. டீபக்எஃப்எஸில் எந்த விதியும் இல்லை, கெர்னல் நிரலாளர் தன் விருப்பப்படி எதையும் காட்டலாம். இதற்கு /சிஸ்/கெர்னல்/டீபக் என்று இடம் தயாராக இருந்தது. இருந்தும் 2008-இல் கெர்னலின் டிரேசிங் கருவியான எஃப்டிரேஸ் வந்தபோது அதன் ஆவணம் என்ன சொன்னது? ரூட்டில் /டீபக் என்று ஒரு கோப்பகம் உருவாக்கி அங்கே மவுன்ட் செய்யுங்கள் என்றது. படித்தவர்கள் அப்படியே செய்தார்கள். யார் குறை சொல்ல முடியும்? ஐந்து எழுத்துப் பாதை, தட்டச் சுலபம்.

அடுத்த ஆண்டே ஆவணத்தைத் திருத்தி /சிஸ்/கெர்னல்/டீபக் என்று எழுதிவிட்டார்கள். தட்டுவதற்கு நீளமாக இருக்கிறது என்பவர்கள் /டீபக்கிலிருந்து அங்கே ஒரு சாஃப்ட்லிங்க் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு குறிப்பும் சேர்த்தார்கள். ஆனால் ஊருக்குள் பரவியதைத் திரும்பப் பெற முடியுமா? பெர்ஃப் கருவியின் மூல நிரலில் டீபக்எஃப்எஸைத் தேட வேண்டிய இடங்கள் என்ற பட்டியலில் /சிஸ்/கெர்னல்/டீபக்குக்கு அடுத்து /டீபக்கும் இருக்கிறது.

ஆகவே நீங்கள் ஒரு கோப்பு முறைமையை எழுதுகிறீர்கள் என்றால், எடுத்துக்காட்டுக்காகக்கூட வேறு பாதையை எழுதாதீர்கள். ஆவணத்தில், கமிட் குறிப்பில், சோதனை ஸ்கிரிப்டில், எங்கும். வாசகர் விளக்கத்தைப் படிப்பதில்லை, கட்டளையைத்தான் நகல் எடுக்கிறார்.

எந்தக் கிளை?

ரூட்டை விட்டுவிடுங்கள். கோப்பக அமைப்புக்கான எஃப்எச்எஸ் தரமே, எந்தச் செயலியும் ரூட்டில் புதுக் கோப்பகம் கேட்கக் கூடாது என்கிறது. அது வெறும் ஒழுங்கு விதி அல்ல. ரூட்டில் ஒரு கோப்பகம் இருக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு தொகுப்பு சொந்தக்காரராக இருக்க வேண்டும். ஃபெடோராவில் ஃபைல்சிஸ்டம், டெபியனில் பேஸ்ஃபைல்ஸ் என்ற தொகுப்புகள் அந்த வேலையைப் பார்க்கின்றன. அதாவது உங்கள் ஒரு கோப்பகத்துக்காக ஒவ்வொரு டிஸ்ட்ரோவிடமும் தனித்தனியாகப் போய் நிற்க வேண்டும். ரூட் ரீட்ஒன்லியாக இருக்கும் சிறு சாதனங்களில் அதுவும் நடக்காது.

/எம்என்டி நிர்வாகியின் கைவேலைக்கான இடம். அவர் அங்கே தற்காலிகமாக ஒரு வட்டை மவுன்ட் செய்தால், அதற்குள் இருந்த உங்கள் கோப்பகம் அப்படியே மறைந்துவிடும்.

/புராக்குக்குள் பைனரி ஃபார்மட்டுகளுக்கான பின்எஃப்எம்டி_மிஸ்க், என்எஃப்எஸ் சர்வருக்கான என்எஃப்எஸ்டி போன்றவை குடியிருக்கின்றன. எல்லாம் பழைய ஆட்கள், இருக்கட்டும். புதிதாக யாரும் அங்கே போக வேண்டாம். புராசஸ்களுக்காகப் பிறந்த இடம் கண்டதையும் போட்டுவைக்கும் பரண் ஆனதால்தான் சிஸ்எஃப்எஸ் தேவைப்பட்டது.

/டெவ் ஒன்றில் மட்டும் சற்று நிதானம் வேண்டும். அங்கே நியாயமாக இருப்பவை உண்டு. முனையங்களுக்கான /டெவ்/பிடிஎஸ், பகிர்வு நினைவகத்துக்கான /டெவ்/எஸ்எச்எம், செய்தி வரிசைகளுக்கான /டெவ்/எம்க்யூ, பெரிய பக்கங்களுக்கான /டெவ்/ஹியூஜ்பேஜஸ். இவற்றில் நிரல்கள் கெர்னலின் அமைப்பை மாற்றுவதில்லை. ஒரு பொருளை உருவாக்கி, திறந்து, பயன்படுத்திவிட்டுப் போகின்றன. /டெவ்/எஸ்எச்எம் ஜிலிப்சி 2.2 காலத்திலிருந்தே நூலகத்தின் எதிர்பார்ப்பு. உங்கள் கோப்பு முறைமை இந்த வகையா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் /டெவ் வேண்டாம்.

மிச்சம் /சிஸ். அதற்குள் எந்தக் கிளை என்பதற்கு எழுதப்பட்ட சட்டம் இல்லை, வழக்கம் இருக்கிறது. கெர்னல் முழுமைக்குமான ஓர் ஏற்பாடு என்றால் /சிஸ்/கெர்னல்: டீபக், டிரேசிங், கான்ஃபிக், செக்யூரிட்டி எல்லாம் அங்கே. தனக்கென்று ஒரு உலகத்தை வைத்திருக்கும் துணை அமைப்பு என்றால் /சிஸ்/எஃப்எஸ்: சிகுரூப், பிபிஎஃப், பிஸ்டோர், ரெஸ்கன்ட்ரோல், எஸ்இலினக்ஸ். ஃபெர்ம்வேரோடு பேசுவது என்றால் /சிஸ்/ஃபெர்ம்வேர்: யுஇஎஃப்ஐ மாறிகள் /சிஸ்/ஃபெர்ம்வேர்/இஎஃப்ஐ/இஎஃப்ஐவார்ஸில் இருக்கின்றன. முதல் இரண்டுக்கும் இடையில் கோடு தெளிவாக இல்லைதான். பாதுகாப்புக்கான செக்யூரிட்டிஎஃப்எஸ் ஒரு கிளையிலும், அதே பாதுகாப்பு வேலையைச் செய்யும் எஸ்இலினக்ஸ் இன்னொரு கிளையிலும் இருப்பதற்கு எந்தத் தர்க்கமும் எனக்குப் பிடிபடவில்லை. இதில் ரொம்ப யோசித்து நாளைக் கடத்துவதைவிட ஏதாவது ஒன்றை இன்றே குறிப்பது மேல்.

பெயர் சிறிதாக, சிற்றெழுத்தில், பதிப்பு எண் இல்லாமல் இருக்கட்டும். சிகுரூப்பின் இரண்டாம் வடிவம் 2016 மார்ச்சில் 4.5 கெர்னலோடு அதிகாரபூர்வமானபோது புதுப் பாதை தேடவில்லை. அதே /சிஸ்/எஃப்எஸ்/சிகுரூப்பில் உட்கார்ந்தது. இடைக்காலத்துக்கு சிஸ்டம்டி அதற்குள் யூனிஃபைடு என்று ஒரு உட்கோப்பகம் வைத்துப் பார்த்தது. இரண்டு வடிவமும் கலந்து ஓடிய அந்த ஏற்பாடு யாருக்கும் நிம்மதி தரவில்லை. பாதை ஏற்பாட்டின் பெயரைச் சொன்னால் போதும். உள்ளே எந்தப் பதிப்பு என்பதை வேறு வழியில் கண்டுபிடிக்கலாம். எப்படி என்று கீழே வருகிறது.

கெர்னல் பக்கம் செய்ய வேண்டியது

ரூட் உரிமையோடு /சிஸ்/எஃப்எஸுக்குள் ஒரு கோப்பகம் உருவாக்கிப் பாருங்கள். ஆபரேஷன் நாட் பெர்மிட்டட் என்று பதில் வரும். சிஸ்எஃப்எஸ் மரத்தில் கோப்பகம் முளைக்கச் செய்ய கெர்னலால் மட்டுமே முடியும். பலருக்கு இது எரிச்சல். இடத்தை நிர்ணயிக்க இதைவிட நல்ல பூட்டு வேறு இல்லை என்பேன். நிர்வாகி தன் விருப்பத்துக்கு அங்கே எதையும் வைக்க முடியாது, கெர்னல் வைத்ததைக் கலைக்கவும் முடியாது.

சிகுரூப்பின் முதல் வடிவத்தில் /சிஸ்/எஃப்எஸ்/சிகுரூப்பின் மேல் ஒரு டெம்ப்எஃப்எஸ் மவுன்ட் ஆகியிருந்ததும் இதனால்தான். கெர்னல் கொடுத்தது ஒரே ஒரு காலிக் கோப்பகம். சிபியு, மெமரி என்று கட்டுப்படுத்திக்கு ஒன்றாக உட்கோப்பகங்கள் வேண்டும். சிஸ்எஃப்எஸில் உருவாக்க முடியாதே. டெம்ப்எஃப்எஸை விரித்து அதன் மேல் உருவாக்கினார்கள். இரண்டாம் வடிவத்தில் ஒரே படிநிலை என்பதால் அந்தச் சுற்றுவழி தேவைப்படவில்லை.

நிரலில் செய்ய வேண்டியது சுருக்கம். சிஸ்எஃப்எஸ்_கிரியேட்_மவுன்ட்_பாயின்ட் என்ற செயற்கூறு இருக்கிறது. எந்தக் கிளையின் கீழ் என்பதற்கு எஃப்எஸ்_கேஆப்ஜே அல்லது கெர்னல்_கேஆப்ஜே என்ற சுட்டியையும், கோப்பகத்தின் பெயரையும் கொடுக்க வேண்டும். இதை முதலில் அழைத்து, அது வெற்றி என்றால் கோப்பு முறைமையைப் பதிவு செய்யுங்கள். பதிவு தோற்றால் உருவாக்கிய கோப்பகத்தை நீக்கிவிட்டு வெளியேறுங்கள். எஸ்இலினக்ஸ்எஃப்எஸின் தொடக்க நிரலைத் திறந்து பார்த்தால் இதே வரிசைதான்.

சும்மா ஒரு கேஆப்ஜெக்ட் உருவாக்கினாலும் கோப்பகம் வந்துவிடுமே, இதற்கென்று தனிச் செயற்கூறு எதற்கு? முன்பு அப்படித்தான் செய்துவந்தார்கள். 2015-இல் எரிக் பைடர்மன் இதைக் கொண்டுவந்ததற்குக் காரணம் கன்டெய்னர்கள். சாதாரணப் பயனர் ஒருவர் தன் யூசர் நேம்ஸ்பேஸுக்குள் சிஸ்எஃப்எஸைப் புதிதாக மவுன்ட் செய்யலாமா என்று கெர்னல் முடிவு செய்யும்போது, ஏற்கெனவே இருக்கும் /சிஸ்ஸில் நிர்வாகி ஏதாவதை மறைத்து வைத்திருக்கிறாரா என்று பார்க்கும். ஒரு கோப்பகத்தின் மேல் வேறொன்று மவுன்ட் ஆகியிருந்தால், அடியில் இருப்பது மறைக்கப்பட்டிருக்கலாம். புதிய மவுன்ட் அதை அம்பலமாக்கிவிடும். எனவே அனுமதி மறுக்க வேண்டும். ஆனால் அடியில் இருப்பது எக்காலத்திலும் காலியாகவே இருக்கும் கோப்பகம் என்று தெரிந்தால் மறைக்க அங்கே ஒன்றுமில்லை. இந்தச் செயற்கூறு அந்த உத்தரவாதத்தைத்தான் கோப்பகத்தின் மேல் குத்துகிறது. சாதாரணக் கேஆப்ஜெக்ட்டை வைத்துச் செய்தால் உங்கள் கணினியில் எல்லாம் ஓடும். எங்கோ ஒரு கன்டெய்னரில் சிஸ்எஃப்எஸ் மவுன்ட் ஆகாமல் அடம்பிடிக்கும்.

யார் பார்க்கலாம்?

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அண்டை வீட்டாரையும் தேர்ந்தெடுக்கிறீர்கள். எஃப்டிரேஸின் கோப்புகள் ஆரம்பத்தில் டீபக்எஃப்எஸுக்குள், /சிஸ்/கெர்னல்/டீபக்/டிரேசிங்கில் இருந்தன. டிரேசிங் வேண்டும் என்பவர் டீபக்எஃப்எஸ் முழுவதையும் மவுன்ட் செய்தாக வேண்டும். அதனோடு எந்த டிரைவர் எழுத்தாளர் எந்த நாளில் திறந்துவைத்த கதவுகளோ, அத்தனையும் சேர்ந்து வரும். பாதுகாப்பில் கண்டிப்பான இடங்களில் இதை ஏற்க மாட்டார்கள். ஸ்டீவன் ராஸ்டெட் 2015-இல், 4.1 கெர்னலில், டிரேஸ்எஃப்எஸைத் தனியாகப் பிரித்து /சிஸ்/கெர்னல்/டிரேசிங் என்று இடம் கொடுத்தார். பழைய பாதையை நம்பியிருந்த கருவிகளுக்காக, டீபக்எஃப்எஸை மவுன்ட் செய்தால் பழைய இடத்திலும் டிரேஸ்எஃப்எஸ் தானாகவே வந்து நிற்கும்படி செய்தார். பாதை மாற்றத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

இடம் நிலையானது என்பதும் அங்கே மவுன்ட் ஆகியிருக்க வேண்டும் என்பதும் வேறு வேறு. ஃப்ரீபிஎஸ்டியில் புராக்கின் இடம் /புராக் என்பதில் சந்தேகமில்லை; இயல்பாக அது மவுன்ட் ஆவதில்லை. லினக்ஸில் டீபக்எஃப்எஸின் மேல் கோப்பகம் ரூட்டுக்கு மட்டுமே திறக்கும். பிற்காலக் கெர்னல்களில் பூட் வரியிலேயே அதை மவுன்ட் செய்ய முடியாதபடியோ முழுதாகவோ அணைக்கலாம். சிஸ்டம்டி உள்ள கணினியில் சிஸ்-கெர்னல்-டீபக்.மவுன்ட் என்ற யூனிட்டை மாஸ்க் செய்தாலும் போதும். (யூனிட்டின் பெயர் பாதையிலிருந்தே வர வேண்டும், சாய்கோட்டுக்குப் பதில் சிறுகோடு. பெயர் பொருந்தாவிட்டால் சிஸ்டம்டி ஏற்காது.) எஃப்எஸ்டேப்பில் இவற்றை எழுத வேண்டியதில்லை. /புராக்கை ஹைட்பிட் விருப்பத்தோடு மவுன்ட் செய்ய வேண்டும் என்பதுபோல, விருப்பங்களை மாற்ற வேண்டியிருந்தால் மட்டும் எழுதுங்கள்.

எழுதும் உரிமையோடு மவுன்ட் ஆவது எவ்வளவு விபரீதமாகலாம் என்பதற்கு இஎஃப்ஐவார்ஸ் போதும். 2016 தொடக்கத்தில், ரூட்டிலிருந்து எல்லாவற்றையும் அழிக்கும் ஆர்எம் கட்டளை இந்தக் கோப்பகத்துக்குள்ளும் புகுந்து யுஇஎஃப்ஐ மாறிகளைத் துடைத்துவிட, சில மடிக்கணினிகள் அதற்குப் பிறகு பூட்டே ஆகவில்லை. ஃபெர்ம்வேரின் பலவீனம்தான் அது. ஆனாலும் கெர்னல் விழித்துக்கொண்டது: தனக்குத் தெரியாத மாறிகளின் கோப்புகளை மாற்ற முடியாதவை என்று முத்திரை குத்திவிடுகிறது, சட்டர் கட்டளையால் முத்திரையை எடுத்த பிறகுதான் அழிக்கலாம்.

தேடி வரும் நிரல் எழுதுகிறவருக்கு

நிலையான இடத்தை முதலில் பாருங்கள். ஆனால் கோப்பகம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். மவுன்ட் ஆகாதபோதும் /சிஸ்/கெர்னல்/டீபக் கோப்பகம் இருக்கும், காலியாக இருக்கும். ஸ்டாட்எஃப்எஸ் அழைப்பு ஒவ்வொரு கோப்பு முறைமைக்குமான மாய எண்ணைத் திருப்பித் தரும். அதை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் சரி. (சிஸ்எஃப்எஸின் மாய எண்ணின் நான்கு பைட்களையும் எழுத்துகளாகப் படித்தால் பீர் என்று வரும். கெர்னல்காரர்களின் குறும்பு.) ஸ்கிரிப்டில் என்றால் ஸ்டாட் கட்டளைக்கு எஃப் விருப்பம் கொடுத்து /சிஸ்/எஃப்எஸ்/சிகுரூப்பைக் கேளுங்கள். சிகுரூப்2எஃப்எஸ் என்று வந்தால் இரண்டாம் வடிவம், டெம்ப்எஃப்எஸ் என்று வந்தால் பழையது. ஃபெடோரா 31, 2019-இல் இரண்டாம் வடிவத்துக்கு மாறிய பிறகு திணறிய கருவிகளில் பல இந்தக் கேள்வியைக் கேட்காமல் பாதையை மட்டும் நம்பியவை.

நிலையான இடத்தில் இல்லையென்றால் /புராக்/செல்ஃப்/மவுன்ட்இன்ஃபோவைப் படித்து வகையைத் தேடுங்கள். செல்ஃப் முக்கியம்: கன்டெய்னருக்குள் உங்கள் புராசஸ் பார்க்கும் மவுன்ட்களும் வெளியே இருப்பவையும் வேறு. பாதையில் இடைவெளி இருந்தால் அங்கே \040 என்று வரும், அதை மாற்றிக்கொள்ள மறக்காதீர்கள். எஸ்இலினக்ஸின் நூலகம் இதே வரிசையில்தான் போகிறது. 2011-இல் 3.0 கெர்னல் வந்தபோது அதன் இடம் /எஸ்இலினக்ஸிலிருந்து /சிஸ்/எஃப்எஸ்/எஸ்இலினக்ஸுக்கு மாறியது. நூலகம் முதலில் புது இடம், பிறகு பழைய இடம், இரண்டிலும் இல்லையென்றால் மவுன்ட் பட்டியல் என்று தேடும். அதனால்தான் அந்த இடமாற்றம் சத்தமில்லாமல் முடிந்தது: செயலிகள் பாதையைத் தங்களுக்குள் எழுதி வைக்கவில்லை, நூலகத்திடம் கேட்டன.

எங்கும் இல்லையென்றால் நீங்களே மவுன்ட் செய்யாதீர்கள். இன்ன வகை, இன்ன இடம் என்று பிழைச் செய்தியில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். நிர்வாகி வேண்டுமென்றே அணைத்து வைத்திருக்கலாம்.

ஒரே இடம் போதாதபோது

பெரிய பக்கங்களுக்கான ஹியூஜ்டிஎல்பிஎஃப்எஸ் இந்த விதிகளுக்குள் முழுதாக அடங்காது. ஒரு மவுன்ட்டுக்கு ஒரு பக்க அளவுதான். சிஸ்டம்டி /டெவ்/ஹியூஜ்பேஜஸில் இயல்பு அளவில் மவுன்ட் செய்கிறது; எக்ஸ்86 கணினிகளில் அது பொதுவாக 2 எம்பி. 1 ஜிபி பக்கங்களும் வேண்டும் என்றால் இன்னொரு மவுன்ட் வேண்டும், அதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட இடம் கிடையாது. /டெவ்/ஹியூஜ்பேஜஸ்1ஜி என்று வைப்பது பரவலான வழக்கம். அதையே பின்பற்றுங்கள், அளவைப் பெயரில் காட்டுவது இங்கே ஒன்றில்தான் நியாயம். டெவ்-ஹியூஜ்பேஜஸ்1ஜி.மவுன்ட் என்று ஒரு யூனிட் எழுதி, விருப்பங்களில் பக்க அளவை 1ஜி என்று கொடுங்கள். /டெவ் டெம்ப்எஃப்எஸ் வகையைச் சேர்ந்தது என்பதால் ஒவ்வொரு பூட்டிலும் கோப்பகம் காணாமல் போகும். சிஸ்டம்டி மவுன்ட் செய்யும் முன் அதைத் தானே உருவாக்கிக்கொள்ளும். கேவிஎம் மெய்நிகர் கணினிகளுக்கு இந்தப் பக்கங்களைக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால், லிப்வர்ட்டின் கியூஇஎம்யு அமைப்புக் கோப்பில் ஹியூஜ்டிஎல்பிஎஃப்எஸ்_மவுன்ட் என்ற வரியில் இரண்டு பாதைகளையும் பட்டியலாகக் கொடுத்துவிட்டு, லிப்வர்ட் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள்.